கியூப் ரிசல்ட் குறைந்தால் எண்ணை மாற்றிக் கையெழுத்துப் போடலாமா?

வாசகர் கேள்வி: ஐயா, அடுக்குமாடி கட்டும் தனியார் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் மூன்று வருடமாக குவாலிட்டி எஞ்சினியராக இருக்கிறேன். இப்போதைய சைட் ஸ்டில்ட்டும் (தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளம்) ஐந்து மாடியும். இரண்டாம் மாடித் தூண்களுக்கு எம்30 கான்கிரீட்டை (28 நாளில் சதுர மி.மீ.க்கு 30 நியூட்டன் தாங்க வேண்டியது) ஆர்.எம்.சி.யில், அதாவது பிளான்ட்டில் கலந்து வண்டியில் வருவதாக, வாங்கிப் போட்டோம். மூன்று வண்டி, 18 கன மீட்டர். ஒரே ஒரு செட் கியூப்தான் (சோதனைக்கு வார்க்கும் மூன்று கான்கிரீட் கனசதுரங்கள்) எடுத்தோம். 28-ஆம் நாள் உடைத்ததில் 26.1, 24.7, 25.3 நியூட்டன் வந்தது. 'கிளையன்ட்டிடம் பில் நிற்கிறது, 34-க்கு மேல் மூன்று எண்ணைப் போட்டு ரிப்போர்ட் கொடு' என்கிறார் பி.எம். (ப்ராஜெக்ட் மேனேஜர்). அந்தத் தூண்களுக்கு மேலே ஸ்லாப் போட்டாயிற்று, சென்ட்ரிங் இன்னும் பிரிக்கவில்லை. அடுத்த மாடித் தூணுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு மாதம் முன்பு முதல் மாடி ஸ்லாபுக்கும் (எம்25) இப்படித்தான் 21 வந்ததை 29 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து மனசே சரியில்லை. வீட்டில் கடன் இருக்கிறது, வேலை போனால் தாங்காது. கட்டடம் விழுந்துவிடுமா? கையெழுத்துப் போடலாமா? யாரிடம் சொல்வது?

பதில்:

கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கட்டடம் விழுமா என்ற கேள்விக்கு, மூன்று கியூபை மட்டும் வைத்துக்கொண்டு உங்களாலும் பதில் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது, உங்கள் பி.எம்.மாலும் முடியாது. சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அந்தத் தூணில் எவ்வளவு சுமை வரும், எவ்வளவு கம்பி போட்டிருக்கிறது, எவ்வளவு மிச்சத் தாங்குதிறன் விட்டிருக்கிறது என்று கணக்குப் போட்ட ஸ்ட்ரக்சரல் எஞ்சினியர். 25 என்ற எண் அவர் மேசைக்குப் போனால் அவர் ஏதாவது செய்வார். 34 என்று போனால் அவர் செய்ய எதுவுமே இல்லை. நீங்கள் மாற்றச் சொல்லப்படுவது ஒரு காகிதத்தை அல்ல, அவர் எடுக்கவேண்டிய முடிவை.

முதலில் இன்றைக்கே செய்யவேண்டியவை. மேலே போட்ட ஸ்லாபின் சென்ட்ரிங் முட்டுகளை எடுக்கவிடாதீர்கள். 4.5 மீட்டர் வரையிலான ஸ்லாபுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் என்ற கணக்கெல்லாம் கான்கிரீட் சரியாக இருக்கும்போது பொருந்துவது. நாள் முடிந்துவிட்டது என்று மேஸ்திரி பிரிக்க வந்தால் நிறுத்துங்கள். அந்த ஸ்லாபின்மேல் செங்கல், கம்பிக் கட்டு, மணல் குவிக்கக் கூடாது. அடுத்த மாடித் தூணுக்குக் கம்பி கட்டுவது நடக்கட்டும், கான்கிரீட் போகக் கூடாது. கீழ்த் தளங்களில் வேலையாட்கள் குடும்பத்தோடு தங்கியிருந்தால் அவர்களை வெளியே கொட்டகைக்கு மாற்றச் சொல்லுங்கள். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள். அந்தக் கட்டடமும் உங்களுடையதும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. கட்டி முடியாத கட்டடம் விழுந்தால் அடியில் யார் இருப்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. இரண்டாம் மாடித் தூண்கள் கடைசியில் நான்கு ஸ்லாபைச் சுமக்க வேண்டியவை. இன்றைக்கு அவற்றின்மேல் இருப்பது ஒன்று. சுவர் இல்லை, தரைப் பூச்சு இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை, குடியிருப்பவர்கள் இல்லை. அதனால் பொதுவாக உடனடி ஆபத்து குறைவு, யோசித்துச் செயல்பட நேரம் இருக்கிறது. ஒவ்வொரு மாடி ஏறும்போதும் அந்த நேரம் சுருங்கும். தூணில் கம்பியின் போக்கிலேயே நெடுக்காக விரிசல் விட்டாலோ, கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட் பெயர்ந்தாலோ, முட்டுகள் வளைந்தாலோ மெயில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். ஆட்களை இறக்கிவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

இனி எண்ணுக்கு வருவோம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456:2000, பின்னால் வந்த திருத்தங்களோடு சேர்த்துப் பார்த்தால், இரண்டு கேள்வி கேட்கிறது. தனி ஒரு மாதிரியின் முடிவு, அதாவது மூன்று கியூபின் சராசரி, குறிப்பிட்ட வலிமையிலிருந்து 3-க்கு மேல் குறையக் கூடாது. எம்30-க்கு அது 27. இரண்டாவது, அடுத்தடுத்த நான்கு மாதிரிகளின் சராசரி, குறிப்பிட்ட வலிமையோடு திட்ட விலக்கத்தின் 0.825 மடங்கைக் கூட்டிய அளவு, அல்லது 3 கூட்டிய அளவு, இதில் எது பெரியதோ அதைத் தொட வேண்டும். திட்ட விலக்கம் என்பது முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. எம்30-க்கு எடுத்துக்கொள்வது 5. அதை 0.825-ஆல் பெருக்கினால் 4.125, பக்கத்திலுள்ள அரைக்கு முழுதாக்கினால் 4 வரும். 30-உம் 4-உம் 34. பி.எம். சொன்ன 34 வாய்க்கு வந்த எண் அல்ல என்று இப்போது தெரிகிறதா? எந்த எண் எழுதினால் தப்பிக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஐ.எஸ். படித்தவர்தான். அதனால் அவரிடம் விதியை எடுத்துச் சொல்லி மனம் மாற்றிவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் சராசரி 25.4. மூன்று கியூபும் சராசரியிலிருந்து 3 சதவீதத்துக்குள்தான் விலகுகின்றன. ஒரு கியூப் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால்தான் மாதிரி செல்லாது. ஆக இது செல்லுபடியாகும் மாதிரி, ஏற்பளவுக்குக் கீழே இருக்கும் மாதிரி.

இன்னொரு குறையும் உங்கள் பக்கம் இருக்கிறது. 16 முதல் 30 கன மீட்டர் வரை மூன்று மாதிரி எடுக்க வேண்டும். நீங்கள் ஒன்று எடுத்திருக்கிறீர்கள். மற்ற இரண்டு வண்டிகளின் கான்கிரீட் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதை மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் தவற்றையும் சேர்த்துச் சொல்லும் அறிக்கையைத்தான் எதிரே இருப்பவர் நம்புவார்.

'கியூபில்தான் கோளாறு, கான்கிரீட் நல்ல கான்கிரீட்' என்று அடுத்து வருவார்கள். சில சமயம் அது உண்மையாகவே இருக்கும், அதனால் பார்த்துவிடுங்கள். அச்சு சதுரம் தப்பியிருந்ததா? மூன்று அடுக்காகப் போட்டு, 16 மி.மீ. கம்பியால் அடுக்குக்கு 35 குத்து விழுந்ததா? 24 மணி நேரத்தில் அச்சைக் கழற்றித் தண்ணீரில் போட்டார்களா, இல்லை மூன்று நாள் வெயிலில் கிடந்ததா? தொட்டித் தண்ணீர் 27 டிகிரியை ஒட்டி இருந்ததா? ஈரத்தோடு உடைத்தீர்களா? கரணையால் தேய்த்த முகத்தைப் பக்கவாட்டில் விட்டு, அச்சில் படிந்திருந்த முகங்களின்மேல் சுமை ஏற்றினீர்களா? நிமிடத்துக்குச் சதுர மி.மீ.க்கு 14 நியூட்டன் வேகத்தில் ஏற்றினீர்களா? 150 மி.மீ. கியூபுக்கு அது விநாடிக்கு 5.2 கிலோ நியூட்டன் சுமார். கியூப் எடை என்ன? 8.1 முதல் 8.5 கிலோ வரை இருக்கலாம். 7.7 என்றால் சரியாகக் குத்தவில்லை, உள்ளே காற்று. உடைந்த துண்டு நாற்புறமும் உதிர்ந்து மணற்கடிகாரம் போல நிற்கிறதா, ஒரு பக்கம் மட்டும் நொறுங்கியிருக்கிறதா? ஒரு பக்கம் என்றால் சுமை சாய்வாக ஏறியிருக்கிறது. மெஷினின் கேலிப்ரேஷன் சான்று இன்னும் செல்லுபடியாகிறதா?

இதில் ஒன்று தவறியிருந்தால் அந்தத் தவற்றை எழுதிக் காட்டுங்கள். ஆனால் ஒரு நியாயம் உண்டு. முடிவு 36 வந்திருந்தால் இந்தக் கேள்விகளைக் கேட்டிருப்பீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள் என்றால், எண் பிடிக்காததால் காரணம் தேடுகிறீர்கள். கியூபில் கோளாறு என்று நிரூபித்தாலும் 34 என்று எழுத உரிமை வந்துவிடாது. 'இந்த மாதிரியைக் கொண்டு முடிவு செய்ய இயலாது, தூணிலேயே சோதிக்க வேண்டும்' என்று எழுதத்தான் உரிமை வரும். எந்தப் பக்கம் போனாலும் பாதை கோர் டெஸ்டில்தான் முடியும், அதாவது தூணில் துளையிட்டு எடுத்த உருளைத் துண்டை உடைத்துப் பார்ப்பதில்.

25-க்கும் 30-க்கும் தூணில் என்ன வித்தியாசம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், பி.எம்.மிடம் பேச உதவும். 300-க்கு 600 மி.மீ. தூண், 20 மி.மீ. கம்பி எட்டு, 500 தரக் கம்பி என்று வைத்துக்கொள்வோம். நேர் அச்சுச் சுமைக்கு ஐ.எஸ். 456 சூத்திரப்படி கான்கிரீட்டின் பங்கு எம்30-இல் சுமார் 2130 கிலோ நியூட்டன், கம்பியின் பங்கு 842. மொத்தம் 2972. அதையே 25 என்று போட்டால் கான்கிரீட் 1775, மொத்தம் 2617. 12 சதவீதம் இறங்குகிறது. வடிவமைத்தவர் அந்தத் தூணை 80 சதவீதத்துக்குப் பயன்படுத்தியிருந்தால் இது தாங்கும். 97 சதவீதத்துக்கு இழுத்துப் பிடித்திருந்தால் தாங்காது. மூலைத் தூணில் அதை வளைக்கப் பார்க்கும் வளைவுத் திருப்புமையும் சேரும்போது கணக்கு மாறும். உங்களுக்கு இது தெரியாது. பி.எம்.முக்கும் தெரியாது. 'எத்தனையோ கட்டடத்துல 25 வந்திருக்கு, ஒண்ணும் ஆகலை' என்பார். அந்தக் கட்டடங்களில் மிச்சத் தாங்குதிறன் இருந்திருக்கும். இதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கான்கிரீட் வலிமை ஸ்லாபைவிடத் தூணை ஏன் அதிகம் பாதிக்கிறது என்றால், சாதாரண ஸ்லாபின் வளைவுத் திறனைப் பெரும்பாலும் இழுவைக் கம்பி தீர்மானிக்கிறது. தூணில் சுமையின் பெரும்பங்கைக் கான்கிரீட்டே எடுத்துக்கொள்கிறது. ஸ்லாப் தொய்ந்து, விரிசல் விட்டு முன்கூட்டியே எச்சரிக்கும். தூண் பெரும்பாலும் அவகாசம் கொடுக்காது.

பதிவேட்டில் எழுதவேண்டியது இதுதான்: உடைந்த சுமையைக் கிலோ நியூட்டனில் எழுதுங்கள். 26.1 என்றால் 587, 24.7 என்றால் 556, 25.3 என்றால் 569. பக்கத்தில் கியூப் எண், ஊற்றிய தேதி, உடைத்த தேதியும் நேரமும், எடை, அளவு, உடைந்த விதம். ஏற்கெனவே வேறு எண் எழுதியிருந்தால் ஒரே கோடாக அடித்து, பழைய எண் படிக்கத் தெரியும்படி விட்டு, சரியான எண்ணை மேலே எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் காரணமும் போடுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள், 'ஃபேர் காப்பி' என்று புது ரிஜிஸ்டர் எழுதாதீர்கள். அங்கீகாரம் பெற்ற லேப்களை ஆய்வு செய்கிறவர்கள் முதலில் பார்ப்பதே இதைத்தான். திருத்தம் இருக்கலாம், பழைய எண் அழிந்திருக்கக் கூடாது. உடைந்த துண்டுகளை அடையாள எண்ணோடு ஒரு சாக்கில் கட்டி வையுங்கள்.

பொய் எண்கள் மாட்டிக்கொள்ளும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். எம்30-க்குக் கலவை வடிவமைக்கும்போது குறிவைக்கும் சராசரி 30 கூட்டல் 1.65 பெருக்கல் 5, அதாவது 38.25. உண்மையான சைட்டில் முடிவுகள் 33, 41, 36, 39 என்று சிதறி வரும். ஒரு கோப்பில் 34.2, 34.5, 34.1, 34.4 என்று வரிசையாக நின்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். சுமையும் எடையும் எண்ணோடு பொருந்தாது. 34 என்றால் 765 கிலோ நியூட்டன் எழுத வேண்டும், மெஷினின் நினைவகத்தில் 569 இருக்கும். ஆண்டுகள் கழித்து ஒரு கோர் எடுத்தாலும் கான்கிரீட் உண்மையைச் சொல்லிவிடும். அது எங்கேயும் போவதில்லை, தூணிலேயே நிற்கிறது.

எண்ணை மாற்றாமலே பொய் சொல்லும் வழி ஒன்றும் உண்டு. அதையும் உங்களிடம் கேட்பார்கள். 'சிமென்ட் தூக்கலா ஒரு செட் கியூப் போட்டு, தேதியை மாத்தி எழுதி வெளி லேபுக்கு அனுப்பிடு.' மெஷின் காட்டும் எண் உண்மை, கியூபின் மேல் எழுதிய பெயர் பொய். லேப்காரரும் அறியாமல் உங்கள் பொய்க்குச் சாட்சி ஆகிவிடுவார். இதற்கும் அதே பதில்தான்.

அடுத்து ஒரு கடிதம். வாய்ப்பேச்சு போதாது, வாட்ஸ்அப்பும் வேண்டாம். அலுவலக மெயிலில் பி.எம்.முக்கு, உங்கள் நிறுவனத்தின் தரப் பிரிவுத் தலைவருக்கு நகல் வைத்து, உணர்ச்சியோ குற்றச்சாட்டோ இல்லாமல் எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

'இரண்டாம் மாடித் தூண்களுக்கு இன்ன தேதியில் போட்ட எம்30 கான்கிரீட்டின் 28 நாள் முடிவு 26.1, 24.7, 25.3, சராசரி 25.4. ஐ.எஸ். 456-இன்படி தனி மாதிரிக்குத் தேவை 27. மூல அளவுகள் இணைப்பில். மாதிரி எடுத்த வண்டியின் டெலிவரிச் சலான் எண் இன்னது. மற்ற இரு வண்டிகளுக்கு மாதிரி எடுக்கவில்லை. ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரின் கருத்து எழுத்தில் வரும்வரை முட்டுகளைப் பிரிக்காமலும், மேல்மாடித் தூண்களுக்குக் கான்கிரீட் போடாமலும் இருக்கப் பரிந்துரைக்கிறேன். கோர் எடுக்க வேண்டிய தூண்களை அவர் குறித்துத் தரக் கோருகிறேன்.'

இவ்வளவு போதும். 'என்னைப் பொய் எழுதச் சொன்னீர்கள்' என்ற வரி இந்த மெயிலில் வேண்டாம். நீங்கள் அந்த வரியை எழுதாததால் பி.எம்.முக்குப் பின்வாங்க ஒரு வாசல் திறந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் எழுத்தில் வந்த பிறகு அந்த வாசல் வழியாகத்தான் போவார்கள். அவர் சொன்னதை, சொன்ன தேதி நேரத்தோடு, உங்கள் சொந்த நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நிறுவனத்தின் வரைபடங்களையும் ஒப்பந்தத்தையும் வீட்டுக்குச் சுமக்காதீர்கள். அது தனி வழக்காகத் திரும்பும்.

மெயிலோடு இணைக்கவேண்டியது, எந்த வண்டி எந்தத் தூணில் போனது என்ற பட்டியல். சலானில் ஏற்றிய நேரம், இறக்கிய நேரம் இருக்கும். பிளான்ட்டின் பேட்ச் ஷீட்டில் சிமென்ட், தண்ணீர், ரசாயனக் கலவை எவ்வளவு விழுந்தது என்று கிலோவில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். சைட்டில் தண்ணீர் ஊற்றினார்களா என்று பம்ப் ஆபரேட்டரையும் கொத்தனாரையும் மிரட்டாமல் கேளுங்கள். கன மீட்டருக்கு 340 கிலோ சிமென்டும் 170 லிட்டர் தண்ணீரும் உள்ள கலவையில் தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.50. ஓட்டம் போதவில்லை என்று கன மீட்டருக்கு 20 லிட்டர் சேர்த்தால் 0.56 ஆகிவிடும், வலிமையில் நாலைந்து நியூட்டன் போய்விடும். உங்கள் 30-க்கும் 25-க்கும் உள்ள இடைவெளி கிட்டத்தட்ட அதுதான்.

பி.எம். எதற்குப் பயப்படுகிறார் என்பதும் அநேகமாக இங்கேதான் இருக்கிறது. வண்டியிலிருந்து இறங்கும்போதே எடுத்த மாதிரி தோற்றால் பொறுப்பு ஆர்.எம்.சி. நிறுவனத்துடையது. சோதனைச் செலவையும் பழுதுச் செலவையும் அவர்களிடம் கேட்கலாம். சைட் ஆட்கள் தண்ணீர் ஊற்றியிருந்தால் பொறுப்பு இந்தப் பக்கம் வந்துவிடும். அதை அவர் மேலிடத்தில் சொல்ல வேண்டியிருக்கும். பொய் ரிப்போர்ட் கொடுத்துவிட்டால், தவறு ஆர்.எம்.சி.யுடையதாகவே இருந்தாலும் அவர்களிடம் கேட்க முடியாது. 34 வந்ததாக நீங்களே எழுதிக் கொடுத்தாயிற்றே. இதை அவரிடம் தனியே உட்கார்ந்து சொல்லுங்கள். நல்லது கெட்டது பேசுவதைவிட இது வேலை செய்யும்.

கோர் டெஸ்டுக்குப் போகும்போது கவனிக்கவேண்டியவை. மேற்பரப்பின் கடினத்தை மட்டும் பார்க்கும் ரீபவுண்ட் ஹேமரை வைத்துத் தட்டிவிட்டு 'நல்லா இருக்கு' என்று முடிக்கப் பார்ப்பார்கள். அதன் மதிப்பீட்டில் 25 சதவீதம் வரை முன்பின் இருக்கும். 25-ஐயும் 30-ஐயும் பிரித்துக் காட்ட அது போதாது. கான்கிரீட்டுக்குள் ஒலியலை போகும் வேகத்தை அளக்கும் அல்ட்ராசோனிக்கும் ஹேமரும் சேர்ந்து எந்தத் தூண் மற்றவற்றைவிட மட்டம் என்று காட்டும். கோர் எங்கே எடுப்பது என்று முடிவு செய்ய அவை நல்ல துணை, தீர்ப்புச் சொல்ல அல்ல.

கோர் மூன்றுக்குக் குறையக் கூடாது. உங்கள் விஷயத்தில் மூன்று வண்டிக்கும் சேர்த்து எடுக்க வேண்டும், இரண்டு வண்டிகளைப் பற்றித் தகவலே இல்லை. விட்டம் பெரிய ஜல்லியின் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 20 மி.மீ. ஜல்லிக்கு 75 மி.மீ. பொருந்தும். தூணின் உச்சியில் எடுக்காதீர்கள், கசிந்து மேலே வந்த தண்ணீரால் அங்கே கான்கிரீட் எப்போதும் மட்டமாக இருக்கும். கம்பி காட்டும் கருவியை வைத்துக் குறித்த பிறகே துளையிட வேண்டும், முதன்மைக் கம்பி ஒன்று அறுந்தாலும் சோதனையே சேதமாகிவிடும். எந்தத் தூண், எந்த உயரம் என்பதை ஸ்ட்ரக்சரல் எஞ்சினியர் எழுத்தில் தர வேண்டும், துளையைச் சுருங்காத கிரவுட் கலவையால் அடைக்க வேண்டும். துளையிடும்போது நீங்கள் நின்று, எடுத்த ஒவ்வொரு கோரிலும் தூண் எண்ணை எழுதுங்கள். உடைப்பது உங்கள் சைட் லேபாக இல்லாமல் அங்கீகாரம் பெற்ற வெளி லேபாக இருக்கட்டும்.

கோர்களின் கியூபுக்கு இணையான வலிமையின் சராசரி 30-இல் 85 சதவீதம், அதாவது 25.5 இருந்து, எந்த ஒரு கோரும் 75 சதவீதமான 22.5-க்குக் கீழே போகாவிட்டால் விதிப்படி ஏற்கலாம். பலரும் இதைத் தெரிந்துகொள்ளாமலே பயந்து பொய் எழுதுகிறார்கள். நேர்மையாகப் போனால் தேறிவிடக்கூடிய கான்கிரீட்டைப் பொய்க்குள் தள்ளிவிடுகிறார்கள். தேறாவிட்டாலும் இடிப்பது ஒன்றே வழி அல்ல. உண்மையான வலிமையை வைத்து மறுகணக்குப் போடலாம். தூணைச் சுற்றிக் கம்பி கட்டி, குறைந்தது 100 மி.மீ. கான்கிரீட் உறை போடலாம். நார்த்துணி சுற்றலாம். இன்றைக்கு ஒரு ஸ்லாப் மட்டும் மேலே இருக்கும்போது இது சில லட்சத்தில் முடியலாம். ஆள் குடியேறிய பிறகு ஜாக்கி வைத்துச் செய்வதற்கு எவ்வளவு ஆகும் என்று பி.எம்.மே சொல்லட்டும்.

கையெழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹையாட் ரீஜென்சி ஹோட்டலின் உள்கூடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கிய இரண்டு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். மேல்பாலம், கீழ்ப்பாலம் இரண்டையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாக இருந்த வடிவத்தை, செய்வதற்குச் சுலபம் என்று இரண்டு துண்டுக் கம்பியாக மாற்றினார்கள். கீழ்ப்பாலத்தின் சுமை முழுதும் மேல்பாலத்தின் பெட்டி உத்தரத்தில் விழுந்தது. அந்த இணைப்பில் சுமை இரட்டிப்பானது. மாற்றிய வரைபடத்தில் எஞ்சினியரின் முத்திரை இருந்தது. கணக்கை யாரும் திரும்பப் போடவில்லை. பொறுப்பான எஞ்சினியர்கள் மிசௌரி மாநிலத்தில் உரிமம் இழந்தார்கள். அவர்கள் பொய் எழுதியவர்கள்கூட இல்லை, பார்க்காமல் முத்திரை போட்டவர்கள். உங்களிடம் கேட்கப்படுவது அதைவிட ஒரு படி மேலே, பார்த்த பிறகு மாற்றி எழுதுவது.

நம் நாட்டில் டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல் எல்லாச் சிவில் எஞ்சினியரையும் கட்டுப்படுத்தும் சட்டப்படியான உரிமம் இல்லை. அதனால் 'சைட் எஞ்சினியர் கையெழுத்துக்கு யார் வரப்போறாங்க' என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது தப்பு. ஊழியர் ஒருவர் ஏமாற்றும் நோக்கத்தோடு முதலாளியின் பதிவேட்டையோ மின்பதிவையோ பொய்யாக்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 344-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறைக்கு இடம் உண்டு. கவனக்குறைவால் மரணம் என்றால் 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை. தூண் விழுந்தால் போலீஸ் முதலில் எடுத்துப் போவது சைட் ஆபீஸின் கோப்புகளை. அதில் இருப்பது உங்கள் பெயர், பி.எம். பெயர் அல்ல. அவர் வாயால்தான் சொன்னார்.

இப்போது முதல் மாடி ஸ்லாப். உங்கள் கடிதத்தில் இதை இரண்டு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள், ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான் என்று நினைக்கிறேன். 21 வந்த எம்25. தனி மாதிரிக்குத் தேவை 22, ஆக ஒரு நியூட்டன் குறைவு. கோரில் சராசரி 21.25-உம் தனிக் கோர் 18.75-உம் இருந்தால் ஏற்கப்படும் நிலை. பொறியியல் அளவில் தூண்களைவிடச் சிறிய பிரச்சினை. சந்தேகம் நீடித்தால் சுமைச் சோதனை இருக்கிறது: தளத்தின் முழு நிலைச் சுமையோடு பயன்பாட்டுச் சுமையின் 1.25 மடங்கை 24 மணி நேரம் ஏற்றி வைத்து, தொய்வை அளப்பது. 4 மீட்டர் நீளமும் 125 மி.மீ. கனமும் உள்ள ஸ்லாப் அந்த 24 மணி நேரத்தில் 5.1 மி.மீ.க்குக் குறைவாகத் தொய்ந்தால் மீட்சியை அளக்கவே தேவையில்லை. அதற்கு மேல் போனால், சுமையை இறக்கிய 24 மணி நேரத்தில் தொய்வில் 75 சதவீதமாவது மீள வேண்டும்.

ஆனால் அந்த ரிப்போர்ட்டை நீங்களே திருத்த வேண்டும். 'இன்ன எண் கொண்ட ரிப்போர்ட்டில் உள்ள 29 என்பது சோதனையில் வந்த முடிவு அல்ல, வந்தது 21, இந்த ரிப்போர்ட் பழையதற்குப் பதிலானது' என்று திருத்திய ரிப்போர்ட் தர வேண்டும். இது உங்கள் தவற்றை எழுத்தில் ஒப்புக்கொள்வது. அதனால் அனுப்புவதற்கு முன் ஒரு வக்கீலிடம் வாசகத்தைக் காட்டுங்கள், ஓரிரு நாள் போதும். தூண்கள் பற்றிய மெயிலை அதற்காகத் தாமதிக்காதீர்கள். அது இன்றைக்கே போகட்டும். தானாக முன்வந்து, யாருக்கும் தீங்கு நேர்வதற்கு முன்பு திருத்தியவருக்கும், கோர் எடுத்துக் கண்டுபிடிக்கப்பட்டவருக்கும் விசாரிப்பவர் பார்வையில் நிறைய வித்தியாசம் உண்டு.

பி.எம். மசியாவிட்டால் இரண்டு நாள் பாருங்கள். பிறகு அதே மெயிலை, வார்த்தை மாற்றாமல், உங்கள் நிறுவனத்தின் இயக்குநருக்கும் ஸ்ட்ரக்சரல் எஞ்சினியருக்கும் அனுப்புங்கள். அந்த இடைவெளியில் மேல்மாடித் தூணுக்குப் பம்ப் வந்து நின்றால் இரண்டு நாள் காத்திருக்க வேண்டாம், அன்றே ஸ்ட்ரக்சரல் எஞ்சினியரைப் போனில் பிடியுங்கள். பெரும்பாலும் அவரிடமே விஷயம் தீர்ந்துவிடும். அவர் பெயர் அனுமதி வரைபடத்தில் இருக்கிறது, பொய்யான கியூப் ரிப்போர்ட்டில் முதலில் ஏமாற்றப்படுகிறவர் அவர். அங்கேயும் அசைவில்லை என்றால் கட்டடத்தைக் கட்டுவிக்கும் புரமோட்டர். வீடு வாங்குவோரைக் காக்கும் ரெரா சட்டத்தின் 14(3)-ஆம் பிரிவின்படி வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை சுட்டிக்காட்டப்பட்டால், 30 நாளுக்குள் அவர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். உண்மை தெரிந்தால் அதிகம் லாபமடைகிறவர் அவர்தான். கடைசிப் படி கட்டட அனுமதி கொடுத்த அமைப்பு. அதற்கு முன்னால் ஊடகத்துக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ போகாதீர்கள். உண்மை சொன்னவர் என்பது மறைந்து, நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தவர் என்பது முன்னால் வந்துவிடும்.

வேலை பற்றி. தனியார் நிறுவனத்தில் இப்படிச் சொன்னவரைக் காக்கும் தனிச் சட்டம் இல்லை. வேலை போகலாம், போகாது என்று உறுதி சொல்ல மாட்டேன். அதனால் கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். வேலையில் இருக்கும்வரைதான் பதிவேடு உங்கள் கையில், முட்டுகளைப் பிரிக்கவிடாமல் தடுக்கும் அதிகாரமும் உங்களிடம். இந்த வாரமே வேறு இடங்களுக்கு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். மூன்று வருட அனுபவமுள்ள குவாலிட்டி ஆட்களை லேப்களும், ஆர்.எம்.சி. பிளான்ட்களும், திட்ட ஆலோசனை நிறுவனங்களும் தேடுகின்றன. இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் இன்றே சொல்லிவிடுங்கள், கடன்காரரின் தேதி தெரிந்தவர்கள் அவர்கள். 'இந்த ஒரு ரிப்போர்ட் மட்டும், அடுத்த மாசம் இன்க்ரிமென்ட்' என்று வந்தால் வாங்காதீர்கள். உங்கள் பெயரில் வேறு யாராவது கையெழுத்துப் போட்டது தெரிந்தால், 'இன்ன எண் ரிப்போர்ட்டில் உள்ளது என் கையெழுத்து அல்ல' என்று அன்றே ஒரு வரி மெயில் போடுங்கள். வெளியேற நேர்ந்தால், முடிக்காமல் நிற்கும் தரப் பிரச்சினைகளின் பட்டியலைப் பொறுப்பு ஒப்படைப்புக் கடிதத்தில் எழுதி, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள். அதில் முதல் வரியாக இரண்டாம் மாடித் தூண்கள் இருக்கட்டும்.

அடுத்த கான்கிரீட் எப்போது வந்தாலும் மூன்று வண்டிக்கு மூன்று மாதிரி எடுங்கள். ஒவ்வொரு வண்டியிலும் முதலில் விழுவதையும் கடைசியில் விழுவதையும் விட்டு, நடுவிலிருந்து எடுங்கள். தண்ணீர்க் குழாயைப் பம்ப் பக்கம் வரவிடாதீர்கள். 7-ஆம் நாள் உடைக்க ஒரு செட் கூடுதலாகப் போட்டுவையுங்கள். அதில் 28 நாள் எதிர்பார்ப்பின் மூன்றில் இரண்டு பங்கு வராவிட்டால், மேலே ஸ்லாப் ஏறுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.